கணக்கு வராத பிள்ளையா, சொல் வராத பிள்ளையா?

சென்ற கிழமை கிடைத்த கடிதங்களுள் ஒரு தாயாருடைய கடிதம் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அவருடைய மகன் மூன்றாம் வகுப்பிற் படிக்கிறான். பன்னிரண்டாம் வாய்பாடு வரை ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறானாம். கூட்டலும் கழித்தலும் கொப்பி நிறையச் சரியாகவே இருக்கின்றனவாம். ஆனால், கணக்கை வசனமாக எழுதிக் கொடுத்துவிட்டாற் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறான், "அம்மா, இது கூட்டிறதோ, கழிக்கிறதோ?" என்று தாயின் முகத்தைப் பார்க்கிறான். "இவனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடந்தான் உண்டு. இப்பொழுதே தனி வகுப்புக்கு விடலாமா?" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாயார்.

பன்னிரண்டாம் வாய்பாடு சொல்லும் பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று தீர்ப்புக் கூறுவது அநியாயம். அவன் எவ்விடத்தில் தடுக்கி நிற்கிறான் என்பதை முதலிற் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: "ஒரு கடகத்தில் 24 மாம்பழங்கள் இருந்தன. 4 பிள்ளைகளுக்குத் தலா 5 வீதம் பகிர்ந்தளித்தபின் எஞ்சியவை எத்தனை?"

இதில் எண் வேலை மிகச் சிறியது. ஐந்நான்கு இருபது, இருபத்துநாலில் இருபது போனால் நாலு. ஆனால், 'தலா', 'வீதம்', 'பகிர்ந்தளித்தபின்', 'எஞ்சியவை' என்ற நாலு சொற்களைத் தாண்டியல்லவா அப்பிள்ளை அந்த எண்களிடம் போய்ச் சேரவேண்டும்? வீட்டிலே எவரும் 'எஞ்சியவை' என்று பேசுவதில்லை, 'மிச்சம்' என்கிறோம். 'தலா' என்ற சொல்லோ பத்திரிகையிலும் பரீட்சைத் தாளிலுமன்றிக் காதில் விழுவதே அருமை. அது விளங்காத பிள்ளை கண்ணிற்பட்ட எண்களையெல்லாம் கூட்டி 33 என்று எழுதுவான். அல்லது 24 இலிருந்து 4 ஐயும் 5 ஐயும் கழித்து 15 என்பான். கல்லூரியிலே ஆறாம் வகுப்புக்கு வந்து சேரும் மாணவரிடத்திலும் இதனை ஆண்டுதோறும் காண்கிறேன். "ஒவ்வொரு ஆளுக்கும் அஞ்சு அஞ்சாகக் குடுத்தால் மிச்சம் எத்தனை?" என்று வாயாற் கேட்டாற் போதும், தாளைப் பார்த்து விழித்த அதே மாணவன் உடனே "நாலு" என்று சொல்லிவிடுவான். கணக்கு அவனிடம் இருந்தது; சொல்தான் இருக்கவில்லை.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் பெரியோர் சொல்லிவைத்ததை மேடைதோறும் கேட்கிறோம். நமது பள்ளிக்கூட நேரசூசியிலோ ஒரு கண்ணுக்குக் காலையில் முதற்பாடம், மற்றக் கண்ணுக்கு இடைவேளைக்குப் பின் ஒரு பாடம். ஒன்று பார்ப்பதை மற்றது பார்ப்பதில்லை. ஆகவே, இரண்டும் சேர்ந்து பழகவேண்டிய இடம் வீடுதான். அதுவும் ஐந்தாம் வகுப்பு வரையிற் காத்திராமல், பிள்ளை மழலை பேசும் காலத்திலேயே தொடங்கவேண்டும்.

முதலிற் 'கூட', 'குறைய' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். இவை எந்தப் பிள்ளைக்கும் தெரியும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் டொனால்ட்சன் என்ற பெண்மணியும் பல்ஃபர் என்பவரும் 1968 இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மட்டையினாற் செய்த இரண்டு அப்பிள் மரங்களிலே பழங்களைக் கொளுவி, மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட சிறுவரிடம், "எந்த மரத்திற் கூட இருக்கிறது?" என்று கேட்டார்கள். சரியாகக் காட்டினார்கள். பின்பு, "எந்த மரத்திற் குறைய இருக்கிறது?" என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் மறுபடியும் கூடிய பழங்களுள்ள மரத்தையே காட்டினார்களாம்! இதற்குக் காரணம் யாது என்பது பற்றிப் பின்வந்த அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் நமக்கு வேண்டாம். 'குறைய' என்பது 'கூட' என்பதற்குப் பின்னாலேயே பிள்ளையிடம் வந்து சேருகிறது என்பது சிறு பிள்ளைகளோடு பழகியவர்களுக்குப் புதினமன்று.

நம் வீட்டுப் பேச்சைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறோம்! "குறைச்சுப் போடட்டோ?" என்று எந்தத் தாய் கேட்கிறாள்? காதில் விழாத சொல் கணக்கிலே திடீரென்று வந்து நிற்கும்போது பிள்ளை திகைக்காமல் என்ன செய்வான்? மாலையில் இரண்டு கோப்பையிலே தேநீர் வார்க்கும்போது, "எதிலே குறைய இருக்கு?" என்று கேளுங்கள். அது பழகியபின், அண்ணனுக்கு ஐந்து தோசையும் தம்பிக்கு மூன்று தோசையும் வைத்துவிட்டு, "தம்பிக்கு எத்தனை குறைய?" என்று கேளுங்கள். இந்த 'எத்தனை குறைய' என்பதுதான் பின்னாளிற் கழித்தற் கணக்காக வந்து நிற்கப் போகிறது. கழித்தல் என்றாற் பறித்துக்கொள்வது மட்டுமே என்று நினைத்துப் பழகிய பிள்ளை, ஒன்றும் பறிபோகாத இந்தக் கணக்கிலேதான் "கூட்டிறதோ, கழிக்கிறதோ?" என்று கேட்கிறான்.

நமது தாய்மொழி தானாகவே தந்திருக்கும் ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லவேண்டும். மாங்காயை எத்தனை என்று கேட்கிறோம். பாலை எவ்வளவு என்று கேட்கிறோம். "எத்தனை பால்?" என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. எண்ணுதல் வேறு, அளத்தல் வேறு என்ற பெரிய உண்மை இந்த இரண்டு சொற்களுக்குள்ளே அடங்கியிருக்கிறது. எண்ணுதலைக் கற்பிக்க எல்லாப் பெற்றாரும் முந்துகிறார்கள். அளத்தலை எவரும் கற்பிப்பதில்லை. சமையலறையிலே சுண்டும் கொத்தும் இன்னும் இருக்கின்றனவல்லவா? நாலு சுண்டு அரிசியைப் பிள்ளையே அளந்து கொத்தை நிரப்பட்டும். தலைதட்டி அளப்பது எது, குவித்து அளப்பது எது என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த அரிசியை அகன்ற சுளகிற் கொட்டிவிட்டு, "இப்ப கூடிப்போச்சோ?" என்று கேட்டுப் பாருங்கள். சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே உயர்ந்த கண்ணாடிக் குவளையையும் அகன்ற குவளையையும் வைத்துக்கொண்டு சிறுவரிடம் கேட்ட கேள்வியும் இத்தகையதே. உயர்ந்த குவளையிலேயே கூட இருக்கிறது என்று ஐந்து வயதுப் பிள்ளை சாதிப்பான். சாதிக்கட்டும்! திரும்ப அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இனி எண்ணுதலைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதுப் பிள்ளை விருந்தினர் முன்னிலையிற் பத்து வரை சொன்னதும் வீட்டார் பூரித்துப் போகிறார்கள். அந்தப் பிள்ளையிடம், "மூன்று புளியங்கொட்டை எடுத்துத் தா, ராசா" என்று கேட்டுப் பாருங்கள். கைநிறைய அள்ளித் தருவான். அமெரிக்க உளவியலாளர் கரென் வின் என்பவர் 1990 ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து எழுதினார். பத்து வரை சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு முதலில் 'ஒன்று' என்பதன் பொருள் விளங்குகிறது, பின்பு 'இரண்டு', பின்பு 'மூன்று'. ஒவ்வொன்றுக்கும் இடையே மாதக்கணக்கான காலம் செல்கிறது. ஆதலால், சொல் வாயில் இருப்பது வேறு, பொருளோடு கையில் இருப்பது வேறு. எண்ணி முடித்தவுடன் கடைசிச் சொல்லோடு பொருளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் காட்டவேண்டும்: "ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று கொட்டை." இந்தச் சிறு வழக்கம் நூறு வரை மனனம் பண்ணுவிப்பதிலும் பயன் தரும்.

எண்ணுப்பெயர்களைத் தமிழிலே சொல்லிக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது மொழிப்பற்றினால் மட்டுமன்று. 'எலெவன்', 'டுவெல்வ்' என்ற சொற்களுக்குள்ளே பத்து இருப்பது பிள்ளையின் காதுக்குத் தெரியாது. 'பதினொன்று' என்றாற் பத்தும் ஒன்றும் அதிலேயே கேட்கின்றன. 'இருபது' இரண்டு பத்து. 'முப்பது' மூன்று பத்து. முன்பள்ளியிலே ஆங்கில எண்களை மட்டும் பழகிய சில சிறுவர், கடைக்காரர் "நாற்பத்தைந்து ரூபா" என்றதும் தாயைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆங்கிலமும் வரட்டும், தடையில்லை. இந்த வாசலை அடைத்துவிட்டு வரவேண்டாம்.

ஆயினும், தமிழெண்களிலும் ஒரு வழுக்கல் உண்டு. எண்பது வரை ஒழுங்காக வந்த வரிசை, தொண்ணூறு என்று திடீரெனத் திரும்புகிறது. நூறு கேட்கிறது, ஆனால் நூறில்லை. தொள்ளாயிரமும் அவ்வாறே; ஆயிரம் கேட்கிறது, ஆனால் ஆயிரமில்லை. 'தொண்ணூற்றிரண்டு' என்று சொல்ல 102 என்று எழுதும் பிள்ளை மந்தபுத்தியுள்ளவன் அல்லன். நன்றாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். "நூறுக்கு ஒரு பத்துக் குறைய, அதனாலேதான் நூற்றின் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்தால், எண்ணையும் அறிவான், 'குறைய' என்ற சொல்லையும் இன்னொரு தரம் பழகுவான்.

கணக்குப் பாடத்துச் சொற்கள் பல வீட்டிலே வேறு தொழில் பார்க்கின்றன. கூட்டுதல் என்றாற் பிள்ளைக்கு முதலில் நினைவு வருவது தும்புத்தடி. பெருக்குதலும் சிலரிடத்தில் அதுவே! கழித்தல் என்பது பழுதானதை ஒதுக்கி எறிவது. வகுத்தலை அக்காவின் தலைவகிட்டிலே காணலாம். இவற்றைக் குழப்பம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. சிதறிக் கிடக்கும் குப்பையை ஓரிடத்திற் சேர்ப்பதும் கூட்டல், சிதறிய எண்களை ஒன்றாக்குவதும் கூட்டல். தலைமயிரைச் சரிபாதியாகப் பிரிப்பது வகிடு. சரிபங்காகப் பிரிப்பது வகுத்தல். இவ்வாறு ஒரு சொல்லின் இரு பொருளையும் ஒன்றோடொன்று தொடுத்துக் காட்டினாற் பிள்ளை மறப்பதில்லை. சதம் என்பது இன்னும் வேடிக்கை. கிரிக்கெட் ஆட்டத்தில் ஒருவர் சதம் அடித்தால் நூறு ஓட்டம். பணத்திற் சதம் என்றால் ரூபாவின் நூறில் ஒரு பங்கு. சதக் காசைக் கையிற் காண்பது இன்று அருமையாகிவிட்டது. எனினும் இந்தப் புதிரைச் சிறுவரிடம் போட்டுப் பாருங்கள். நாளை சதவீதம் என்ற சொல் வரும்போது அந்நியமாக இராது.

மிகவும் மயக்கந் தருபவை 'முன்', 'பின்' என்பன. "ஐந்துக்கு முன்னுள்ள எண் யாது?" என்றால் நாலு. "ஐந்திலிருந்து முன்னோக்கி எண்ணு" என்றால் ஆறு, ஏழு என்று போகவேண்டும். முன் என்ற ஒரே சொல் ஓரிடத்திற் குறைந்த எண்ணையும் வேறோரிடத்திற் கூடிய எண்ணையும் காட்டுகிறது. பெரியவர்களாகிய நாம் இதனைக் கவனிப்பதேயில்லை. பிள்ளைகள் இதிலே விழுந்து எழும்புகிறார்கள். படிக்கட்டிலே ஏறும்போது எண்களைச் சொல்லிக்கொண்டு ஏறி, ஐந்தாம் படியில் நின்று, "இதற்கு முதல் எந்தப் படியில் நின்றாய்? இனி எந்தப் படிக்குப் போவாய்?" என்று கேட்பது நல்ல பயிற்சி.

விளையாட்டுகளிலே எனக்குக் கொக்கான் வெட்டுதலில் ஒரு தனி மதிப்பு உண்டு. ஐந்து கற்களில் ஒன்று மேலே போக, நிலத்திற் கிடக்கும் நாலையும் முதலில் ஒவ்வொன்றாக, பின்பு இரண்டிரண்டாக, பின்பு மூன்றும் ஒன்றுமாக, பின்பு நாலையும் ஒருமிக்க அள்ளவேண்டும். நாலு என்ற எண்ணைப் பிரிக்கத்தக்க வழிகளை இதைவிட இனிதாக எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. 'இரண்டிரண்டாக' என்ற சொல் கையோடு சேர்ந்து வருகிறது பாருங்கள். தலா என்பதன் தாய் அதுதான்.

தாயம், பாம்பும் ஏணியும் போன்றவையும் நல்லவையே. அமெரிக்காவிலே கீதா ரமணி, றொபேட் சீக்லர் என்ற இருவர் 2008 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வறிய குடும்பங்களைச் சேர்ந்த பாலர்களோடு 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்களிலே காய் நகர்த்தி விளையாடினார்கள். இரண்டு கிழமைக்குள் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கால் மணித்தியாலம் வரையில். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுடைய எண்ணறிவு தெளிவாக முன்னேறியது. எண்ணில்லாமல் நிறங்களை மாத்திரம் வைத்து அதே விளையாட்டை ஆடிய பிள்ளைகளிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. காய் நகரும்போது கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய் இரண்டு நகருமானால், "ஆறு, ஏழு" என்று சொல்லவேண்டும். "ஒன்று, இரண்டு" என்று சொல்லலாகாது. நம் வீடுகளிலே இரண்டாவது வகையாகவே ஆடுகிறோம். அதனை மட்டும் மாற்றிக்கொண்டாற் போதும்.

பெருக்கலுக்கு நுங்குக் காலத்தைப் பயன்படுத்தலாம். ஒரு நுங்குக் காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண். நாலு காய் வெட்டுமுன்னரே, "எத்தனை கண் இருக்கும்?" என்று கேளுங்கள். வெட்டும்போது ஒன்றில் இரண்டு கண் மட்டுமே இருந்தாற் கணக்கு பிழைக்கும்; அப்பொழுது, "பன்னிரண்டிலே ஒன்று குறைய" என்று பிள்ளையே சொல்லுவான். வாழைக்குலையிலே சீப்பு, சீப்பிலே பழம், கீரையிலே பிடி, சந்தையிலே கூறு. இவை ஒவ்வொன்றும் பலவற்றை ஒன்றாக்கி நிற்கும் சொற்கள். 'ஒரு சீப்பிலே பன்னிரண்டு பழம்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெருக்கல் பாதி விளங்கிவிட்டது. தந்தைமாரும் சும்மா இருக்கவேண்டியதில்லை. பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று வேலிக் கதியாலின் இடைவெளியை மகனோடு சேர்ந்து அளந்து பாருங்கள். அப்பாவின் முழமும் மகனின் முழமும் ஒத்துவராது. ஏன் என்று அவன் கேட்கும் இடத்திலேதான் அடிமட்டத்தின் அவசியம் பிறக்கிறது.

பின்னங்களைப் பாடநூல் 'நான்கில் ஒன்று' என்று தொடங்குகிறது. வீட்டிலே 'கால்' இருக்கிறது. ஓர் ஆட்டுக்கு நாலு கால். நாலு கால் சேர்ந்தால் ஒன்று. இதைச் சொன்னதும் சிறுவர் சிரிப்பார்கள்; சிரித்ததை மறக்கமாட்டார்கள். அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக இறங்கி வந்தால், காலிற் பாதிதான் அரைக்கால் என்பது சொல்லிலேயே தெரிகிறது. அதற்கும் கீழே மாகாணி. இருபதில் ஒன்றாகிய மாவும் எண்பதில் ஒன்றாகிய காணியும் சேர்ந்த பெயர் அது. கூட்டிப் பாருங்கள், பதினாறில் ஒன்று சரியாக வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியிலே இவற்றைப் பாட்டாகப் பாடி மனனம் பண்ணினார்கள். முந்திரி வரைக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு ஏற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முக்காலும் அரைக்காலும் வீட்டுப் பேச்சிலிருந்து போய்விடாமற் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதம் எழுதிய தாயாருக்கு இன்னும் ஒன்று. தனி வகுப்புக்கு அனுப்புமுன்னர் ஒரு மாதம் இதனைச் செய்து பாருங்கள். நீங்கள் கணக்குச் சொல்லி அவனை விடை கேட்பதற்குப் பதிலாக, 7 − 3 = 4 என்று எழுதிக் காட்டி, "இதுக்கு ஒரு கதை சொல்லு, மோனை" என்று கேளுங்கள். முதல் நாள், "ஏழு மாங்காய் இருந்தது, மூன்றைத் தின்றேன்" என்பான். இரண்டாம் நாளும் மாங்காயே வரும். ஐந்தாம் நாள், "எனக்கு ஏழு வயது, தங்கச்சிக்கு மூன்று வயது, நான் நாலு வயது கூட" என்பானாகில், அன்று அவன் ஒரு பெரிய மதிலைத் தாண்டிவிட்டான். அவன் வாயில் வரும் 'மிச்சம்' என்பதற்குப் பக்கத்திலே 'மீதி', 'எஞ்சியது' என்ற சொற்களையும் நீங்கள் மெல்லச் சொல்லி வையுங்கள். அவன் சொன்னது பிழையென்று திருத்தவேண்டாம்; "மிச்சம் நாலு; ஓம், மீதி நாலு" என்று தொடர்ந்து பேசினாற் போதும். 'தலா' என்பதையும் இரவுச் சாப்பாட்டிலேயே பழக்கிவிடலாம்: "இடியப்பம் இருபது இருக்கு, ஆளுக்குத் தலா அஞ்சு." எப்பொழுதும் கேள்வியாகக் கேட்டு அடுக்களையைப் பரீட்சை மண்டபம் ஆக்கிவிடாதீர்கள். பிள்ளை களைத்திருக்கும் நாளில் இடியப்பம் வெறும் இடியப்பமாகவே இருக்கட்டும்.

மணிக்கூடும் நாட்காட்டியும் பற்றிய சொற்களை இங்கே நான் தொடவில்லை. 'நேற்று', 'முந்தநாள்', 'ஐந்தேகால்', 'ஐந்தாக இன்னும் கால்' என்பன தனியாகப் பேசவேண்டியவை. அவற்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.